தேங்காய் உடைப்பது உடம்பா, ஊரா?

பாப்பா,

உன்னைப் பாப்பா என்று கூப்பிட இன்னும் சில மாதங்கள்தான் எனக்கு உரிமை. அப்புறம் அந்தப் பெயருக்கு வேறு ஆள் வந்துவிடும். போன வாரம் நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னபோது உன் அம்மா கையிலிருந்த கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்து, சாம்பார் தரையில் சொட்டச் சொட்ட உன்னோடு பேசினாள். தாத்தா ஆகப்போகிறவனுக்குக் கடைசியில்தான் போன் கிடைத்தது. அதற்குள் நீ களைத்துப் போயிருந்தாய். லேசான ரத்தக்கசிவு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடை தூக்கக் கூடாது, குனிந்து நிமிர்ந்து வீசி எறிகிற வேலை எதுவும் இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். பிறகு சிரிக்க முயன்றுகொண்டே, "பெரியம்மா ஜெயிச்சிட்டாங்கப்பா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அந்த ஒரு வரிதான் என்னை இப்படி மேசை முன்னால் உட்கார வைத்திருக்கிறது. அவர் ஜெயிக்கவில்லை என்று எனக்கு உடனே தோன்றியது. ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது அம்மாவுக்குக் கட்டி வந்து, உதிரம் நிற்காமல், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. அவளை உள்ளே கொண்டுபோன பிறகு மருத்துவமனை வராந்தாவில் நின்று, நம் ஊர்த் தண்ணீர்மலை முருகனிடம் பேரம் பேசினேன். இவளைத் திருப்பிக் கொடு, என் கை ஓடுகிற வரைக்கும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் உன் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். அவன் கொடுத்துவிட்டான். நானும் உடைத்துக்கொண்டே வந்தேன். நம் வீட்டு முனையில் குவியலாகக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, ரதம் திரும்புகிறபோது வெறி பிடித்தவன் போல உடைப்பேன். சில்லு தெறித்துக் கண் போய்விடக் கூடாதென்று தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்பேன். சாமிக்கு முன்னால் வெல்டிங் பண்ண வந்தவன் மாதிரி இருக்கிறேன் என்று நீ கேலி பண்ணுவாய். அம்மா எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு காயாக எடுத்துக் கொடுப்பாள். அதுதான் அவள் வேலை. அதை யாரும் அவளுக்கு ஒதுக்கிக் கொடுக்கவில்லை. தானாகவே அமைந்ததென்று நினைத்திருந்தேன்.

ஒரு தைப்பூசத்தின்போது உனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தன் மகனுக்கு டெங்கி வந்து பிழைத்ததற்கு வேண்டிக்கொண்டு, கைநிறைய ஊதுபத்தியும் ஒரு பையில் தேங்காயுமாக நம் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அங்கள், சாயா பொலே கா?" என்று மலாயில் கேட்டார், நானும் உடைக்கலாமா என்று. "பொலே, பொலே!" என்றேன். எப்படிப் பிடிக்க வேண்டும், கண்ணை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், கையால் அல்ல இடுப்பால் எறிய வேண்டும் என்று எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் முதல் காயிலேயே சுக்குநூறாக்கிவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். அப்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, உனக்கும் ஒரு காய் வேண்டும் என்றாய். பெரியம்மா அங்கேயே நின்றிருந்தார். "பொம்பளப் பிள்ளைங்க உடைக்கக்கூடாதும்மா, கர்ப்பப்பைக்கு ஆகாது" என்றார். நீ ஆன்ட்டியைப் பார்த்தாய், உடைந்து கிடந்த காயைப் பார்த்தாய், பிறகு என்னிடம் கேட்டாய்: "அப்பா, ஆன்ட்டிக்குக் கர்ப்பப்பை இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "அவங்க சீனவங்கம்மா, அவங்களுக்கு ஒன்னும் ஆகாது" என்றேன். உலகத்தில் எந்த டாக்டரும் சொல்லாத மருத்துவம் அது! அதைச் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்து உடைத்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது. கர்ப்பப்பை இனம் பார்க்குமா என்று அன்றைக்கு ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கடிதத்தை அப்போதே எழுதியிருப்பேன்.

அப்புறம் நீ கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாய். உன்னைக் காரில் அழைத்து வரும்போதெல்லாம் அன்றன்றைய பாடத்தை என் மேல் கொட்டுவாய். ஒரு நாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்துகளுக்குப் பின்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, பால் வேறு, பாலினம் வேறு என்று ஆரம்பித்தாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "அப்பா, உடம்பு குடுக்கிறது ஒன்னு. அந்த உடம்பப் பாத்து ஊர் குடுக்கிறது இன்னொன்னு. மொதல்ல சொன்னது பால், ரெண்டாவது பாலினம். அவ்ளோதான் லா!" என்றாய். உடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. எதையும் திருகைக் கழற்றி உள்ளே பார்க்கிற புத்திக்காரன் நான். அன்றிலிருந்து நமக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சாலையில் எதைப் பார்த்தாலும் "உடம்பா, ஊரா?" என்று கேட்டுக்கொள்வோம். மீசை? உடம்பு. அதை முறுக்குவது? ஊர். பிள்ளை பெறுவது உடம்பு, பெற்ற பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது ஊர். நீளக் கூந்தல் ஊர் என்றேன். "உங்க வழுக்கை மட்டும் சுத்தமா உடம்புப்பா" என்றாய். எல்லாவற்றையும் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம் போலிருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டபோது, உடம்பிலேயே இரண்டுக்கும் நடுவில் பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள், உடம்பு ஒன்று சொல்ல மனம் வேறொன்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், குவியல் போடுவதே ஊர் வேலைதான் என்றாய். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினேன். கோபமில்லை. அதைத் திறந்து பார்க்க எனக்குச் சரியான ஸ்குரூ டிரைவர் கிடைக்கவில்லை.

அந்த விளையாட்டை நான் தொழிற்சாலைக்கும் எடுத்துப்போனேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. நான் டெக்னீஷியனாகச் சேர்ந்த காலத்தில் மைக்ராஸ்கோப் வரிசை முழுவதும் பெண்கள்தான். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் கணினிச் சில்லில் ஒட்டுகிற வேலை. பெண்களுக்கு விரல் சின்னது, பொறுமை ஜாஸ்தி, அதனால்தான் அவர்களை எடுக்கிறோம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நானும் அதையே ஒப்பித்தேன். சரி, உடம்புதான் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மைக்ராஸ்கோப் பழுதானால் கழற்றிப் பூட்டியது யார்? நான்தான். வாழைப்பழம் மாதிரி இருக்கிற இந்த விரல்களால், கடுகைவிடச் சின்னத் திருகைக் கழற்றினேன். நான் செய்தால் அதற்குப் பெயர் திறமை, அவர்கள் செய்தால் அதற்குப் பெயர் விரல். கொஞ்ச காலத்தில் அந்த வேலையைச் செய்ய இயந்திரம் வந்தது. அதை ஓட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். விரலைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவே இல்லை. இதை எல்லாம் பார்த்துக்கொண்டே ஓய்வும் பெற்றுவிட்டேன், ஆனால் தேங்காய் விஷயத்தில் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சாமி காரியம் என்றால் மூளை செருப்போடு வெளியே நின்றுவிடுகிறது போலிருக்கிறது.

இந்த ஆண்டு என் வலது தோள் போய்விட்டது. தசை கிழிந்திருக்கிறது, எறிகிற வேலையை மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கை ஓடுகிற வரைக்கும் என்றுதானே வேண்டினேன், ஓடவில்லை, முடிந்தது கணக்கு என்று முருகனிடம் வாதாடலாம். மனம் ஒப்பவில்லை. அவன் உன் அம்மாவைத் தவணையில் திருப்பிக் கொடுக்கவில்லையே. அதைக் கேள்விப்பட்டதும் நீ கூப்பிட்டு, "நான் வந்து உடைக்கிறேன்பா" என்றாய். "பாக்கலாம்மா" என்றேன். அந்தப் பார்க்கலாம் உனக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து பெரியம்மா போன் போட்டு, கல்யாணமான பெண், இன்னும் பிள்ளை இல்லை, இப்போது போய் இந்த விஷப்பரீட்சை எதற்கு, என் மகன் வந்து உடைப்பான் என்றார். அந்தப் பேச்சு உன் காதுக்கும் போயிற்று. நீ உடைத்தே தீருவேன் என்று நின்றாய். அதற்குள் இந்த நல்ல செய்தி, கூடவே டாக்டரின் கூடாது.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். பெரியம்மாவும் கூடாது என்றார், டாக்டரும் கூடாது என்றார், ஆக இரண்டும் ஒன்று என்று உனக்குச் சோர்வில் தோன்றியிருக்கிறது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டாக்டர் உன்னைப் பார்த்து, உன் வயிற்றைப் பார்த்து, இப்போதைக்கு என்றார். கசிவு நின்றால் அந்தக் கூடாதும் நின்றுவிடும். என் தோளுக்கும் அப்படித்தான் ஒரு கூடாது போட்டிருக்கிறார்கள். என் புரோஸ்டேட்டுக்கும் ஒன்று இருக்கிறது, சாயங்காலத்துக்கு மேல் தேத்தண்ணீர் கூடாது என்று. இவையெல்லாம் உடம்பின் கூடாது. கேட்டு நடக்க வேண்டும், நீயும் முரண்டு பிடிக்காமல் கேள். ஆனால் பெரியம்மாவின் கூடாது உன்னைப் பார்த்துச் சொன்னதல்ல. நீ பத்து வயதில் இருந்தபோதும் அதேதான், பிள்ளை பெற்ற பிறகும் அதேதான் இருக்கும். அதே பெரியம்மா தன் வீட்டுச் சமையலறையில் குழம்புக்குத் தேங்காய் உடைக்கிறார், அது மட்டும் கர்ப்பப்பைக்குத் தெரிவதில்லை. என் புரோஸ்டேட் எந்தக் கோவில் வாசலிலும் என்னை நிறுத்தியதில்லை என்பதையும் யோசித்துப் பார்.

இந்த அளவுக்கு வந்ததும் கடிதத்தை முடித்துவிடலாம் என்றிருந்தேன். நேற்று முன்தினம் காலையில் அம்மா சட்னிக்காகச் சமையலறையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியின் பின்புறத்தால் சுற்றிச் சுற்றி மூன்று தட்டு, பிளந்துகொண்டது. தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்தாள். நான் வாசற்படியில் சாய்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது. "உனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே" என்றேன்.

"ஆமா. இப்ப அதுக்கென்ன?"

"கர்ப்பப்பைக்கு ஆகாதுன்னுதானே சொல்றாங்க. இல்லாததுக்கு என்ன ஆகும்? நீ அப்பவே உடைச்சிருக்கலாமே!"

அவள் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்த அறுவைச் சிகிச்சைக்காக இத்தனை ஆண்டுகள் காய் உடைத்தேனோ, அதே அறுவைச் சிகிச்சைதான் அவளுக்கிருந்த தடையையும் நீக்கியிருந்தது. அவள் பின்னால் நின்று காய் எடுத்துக் கொடுத்தாள், நான் முன்னால் நின்று உடைத்தேன், இருவருக்கும் தோன்றவில்லை. உடம்பிலிருந்து காரணத்தை வெட்டி எடுத்துப் போட்ட பிறகும் விதி மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

தேங்காயைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அத எடுத்துட்டு வந்தப்போ ரொம்ப நாளைக்கு உள்ளுக்குள்ள ஒரே கேள்விங்க, நான் இன்னும் பொம்பளதானான்னு. யார்கிட்ட போய்க் கேக்கறது? வெளிய வந்தா அதே பூவு, அதே பொட்டு, அதே சமையக்கட்டு. ஒருத்தருக்கும் சந்தேகமே வரல. சரி, நான் பொம்பளதான் போலிருக்குன்னு இருந்துட்டேன்." பிறகு, "அது போயும் நான் மாறலன்னா, எது இருக்கறதால நான் பொம்பளயா இருக்கேன்னு இன்னிக்கும் தெரியல. உங்க பொண்ணத்தான் கேக்கணும்" என்றாள்.  அந்த அறுவைச் சிகிச்சை அவளுக்குள் என்னவாக இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, பாப்பா. பிழைத்துவிட்டாள், போதும் என்று சாமிக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேள்விக்கு உன் பாடத்தில் பதில் இருந்தால் வரும்போது கொண்டு வா. இல்லாவிட்டாலும் வா, மூன்று பேருமாக யோசிப்போம்.

அன்றைக்கே அவள் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "இந்த வருஷம் நானே உடைக்கப் போறேங்க்கா" என்றாள். எதிர்முனையில், "உனக்கென்ன பைத்தியமா? கர்ப்பப்பைக்கு ஆகாதுடி" என்று வழக்கமான வெடி. "எனக்குத்தான் அது இல்லையேக்கா" என்றாள் அம்மா. அவ்வளவு பெரிய மௌனத்தை நான் பட்டர்வொர்த்திலிருந்து கேட்டதே இல்லை. அப்புறம் பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப... புருஷனுக்கு ஆகாது" என்றார். பார்த்தாயா, வயிற்றிலிருந்த காரணம் ஒரு நொடியில் என் தலைக்கு மாறிவிட்டது! "புருஷன் இங்கதான் இருக்கேங்க்கா, என் தோளுக்கு ஏற்கனவே ஆகவேண்டியது ஆயிடுச்சு" என்று குரல் கொடுத்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை. பார்த்து நடந்துக்குங்க, நான் அன்னிக்கு வர மாட்டேன் என்றார். வருவார் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் எனக்கு அவர் மேல் கோபமில்லை, அவருக்கும் இதை, உன்னைப் போல் சட்டையைப் பிடித்து இழுத்த வயதில் யாரோதான் சொல்லியிருப்பார்கள்.

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஒத்திகை நடந்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் காயை எறிந்தாள். அது உடையாமல் உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது, நம் ஆன்ட்டி. வயதாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் பங்கு காய் உண்டு. "ஐயோ, லைக் தட் கேனாட் லா!" என்று சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, கையால் அல்ல இங்கிருந்து என்று தட்டிக் காட்டினார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. எங்கோ சுற்றிக் கடைசியில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. இரண்டாவது காய் வெடித்துத் தண்ணீர் அம்மாவின் முகத்திலும் புடவையிலும் அடித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆன்ட்டியையும் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள், திருப்பித் திருப்பி.

ஆகவே நீ தைப்பூசத்துக்கு வா. கசிவு நிற்கட்டும், டாக்டர் பயணம் போகலாம் என்று சொல்லட்டும், அப்புறம் வா. வீட்டு முனையில் குடைக்குக் கீழே உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், சில்லு தெறிக்காத தூரத்தில். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே ஆளுக்கொரு ஜோசியம் ஓடுகிறது. அதை உடம்பு தன் நேரத்தில் சொல்லும். மிச்சத்தை நாம்தான் கொடுக்கப் போகிறோம், கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக் கொடுப்போம். உனக்காக ஒரு காயை எடுத்து வைத்து, அடுத்த வருஷம் நீ வந்து உடைத்துக்கொள் என்று எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் அவ இஷ்டம். இந்த வருஷம் என்னோடது, எல்லாக் காயும்" என்றாள். பாதுகாப்புக் கண்ணாடியை இப்போதே எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ரதம் திரும்பும்போது அவளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு காயாக எடுத்துக் கொடுப்பது இனி என் வேலை. இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா